வெட்டாத செட்டைகள்

சனிக்கிழமை காலை கட்டுகஸ்தோட்டைச் சந்தியில் ஒருவர் பிளாஸ்டிக் பேசினில் ஹுங்கா கெளுத்தி வைத்து விற்றுக்கொண்டிருந்தார். கறுத்த வழுவழுத்த உடம்பு, வாயைச் சுற்றி எட்டு மீசை. பேசினில் இரண்டு விரல் உயரத் தண்ணீர்தான் இருந்தது. ஒவ்வொரு மீனும் மேலே வந்து, காற்றை ஒரு வாய் விழுங்கிவிட்டு, திரும்பவும் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மடவளை பஸ் வந்தும் நான் ஏறவில்லை. வாங்கத்தான் நிற்கிறேன் என்று நினைத்து அந்த மனிதர் ஒன்றைத் தூக்கிக் காட்டப் போனார். "முள்ளு, கவனம்" என்று சொல்லிவிட்டேன். அவருக்குத் தமிழ் விளங்கவில்லை, சும்மா சிரித்தார். அது என் பேச்சு அல்ல, உன்னுடையது. நீ போய் ஒன்றரை வருடமாகியும் மீனைக் கண்டால் உன் வாய்தான் எனக்கு வருகிறது.

உன் வாப்பா போன் செய்திருந்தார். உன் அலுமாரியை ஒதுக்குகிறாராம். மீன் புத்தகங்கள் யாருக்கும் வேண்டாமாம், வந்து எடுத்துப் போகும்படி சொன்னார். அதற்காகத்தான் புறப்பட்டேன். போய் வந்து மூன்று நாளாகிறது. உன்னோடு பேசாமல் இதை வைத்திருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். நீ இருந்தபோது பேசியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன் என்று சொன்னால்தான் சரி.

முதன்முதலில் நீ பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்கு வந்த நாளில் உன்னை யாரோ மாணவியின் தாய் என்று நினைத்தேன். முப்பத்தெட்டு வயதில், பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பித்துக்கொண்டே, பட்டமேற்படிப்புக்கு வந்திருந்தாய். கையில் ஐஸ்கிரீம் டப்பா. அதற்குள் ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு மகுராக் கெளுத்தி, உயிரோடு. நான் அங்கே தொழில்நுட்ப உத்தியோகத்தர். போத்தல், இரசாயனம், பதிவுப் புத்தகம் எல்லாம் என் பொறுப்பு. மீனை வெட்டித் தரச் சொன்னாய். செவிள் மூடியைத் திறந்ததும் உள்ளே சிவப்பாக, கிளை கிளையாக, ஒரு சின்ன மரம் இருந்தது. மகுரா காற்றைப் பிடித்து மூச்சுவிடுவது அதனால்தான் என்றாய். ஹுங்காவுக்கு அந்த மரம் இல்லை, முதுகெலும்பை ஒட்டி இரண்டு நீளப் பைகள் உண்டு. "வீட்ட வேற வேற மாதிரி கட்டிக்கிட்டாங்க புள்ள, மூத்தப்பா ஒராள்தான்" என்று சொன்னாய். பதினெட்டு வருடமாக மீனைப் போத்தலில் அடைத்துக்கொண்டிருந்த எனக்கு, அவை ஒன்றுக்கொன்று சொந்தம் என்று அன்றுதான் உறைத்தது.

அதன்பின் எந்தக் கெளுத்தியைப் பார்த்தாலும் நமக்குச் சொந்தம் விசாரிக்கிற வேலைதான். ஆற்றில் வருகிற வெள்ளி நிறத்து அங்குட்டாவை நான் மகுராவுக்குத் தம்பி என்றேன். "மீச இரிக்கிறவன் எல்லாரும் அண்ணன் தம்பியா?" என்று சிரித்தாய். கண்டி வாவியில் யாரோ கொண்டுவந்து கொட்டிய, சட்டை போட்டாற்போல் கரடுமுரடான அந்தத் தொட்டி மீனைக் காட்டி, அது கடல் கடந்து வந்த தூரத்துச் சொந்தம், கல்யாண வீட்டில் மட்டும் கண்டுகொள்ளலாம் என்றாய். கூர்ப்பு, பரிணாமம் என்று பள்ளிப் புத்தகத்தில் இருப்பதை இப்படி ஊர்க்கதை பேசுவதுபோல் சொல்ல உன்னால்தான் முடியும். ஒருநாள் தேநீர் குடித்தபடி சொன்னாய்: "எங்களுட்டயும் உங்களுட்டயும்தான் எல்லாரும் எங்க இருந்து வந்தன்டு கேக்கிற. நான் அத மீனுட்ட கேக்கிறேன், அவ்வளவுதான்." இருவரும் சிரித்தோம். எனக்கு உள்ளே கொஞ்சம் சுட்டது, ஆனாலும் சிரித்தேன்.

அந்தச் சூட்டுக்குக் காரணம் உண்டு. என் அப்பா நகரசபையில் தெருக்கூட்டும் வேலை செய்தவர். சின்ன வயதில் அவரோடு போன வீடுகளில் எங்களுக்கென்று தனிக் கோப்பை சுவருக்கு வெளியே கவிழ்த்து வைத்திருப்பார்கள். உன் வீட்டுக்குச் சாப்பிட வரத் தொடங்கியபோது, உன் உம்மா எனக்கு மட்டும் வேறொரு சட்டியிலிருந்து கறி எடுத்துப் போடுவதைக் கண்டேன். உங்கள் சட்டி பெரியது, கரி பிடித்தது. எனக்குரியது சின்னது, புதிது. ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன். வெளியே வந்து பஸ்ஸில் அழுதேன். ஒரு வருடம் அப்படியே போனது. பிறகொரு நாள் உன் உம்மா அந்தச் சட்டியைக் கழுவியபடி தானாகவே சொன்னார், "இது உங்களுக்கென்டே வாங்கின, இதுல மாட்டிறைச்சி பட்டதே இல்ல மகள், பயமில்லாம தின்னுங்க" என்று. நான் மாட்டிறைச்சி சாப்பிடமாட்டேன் என்று யாரோ சொன்னதை வைத்து, என்னைக் கேட்காமலே செய்த மரியாதை அது. நானும் கேட்காமலே ஒரு வருடம் அவரைத் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாகப் போயிற்று. இந்த வீட்டார் மனம் கோணும்படி இனி ஒன்றும் செய்வதில்லை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். எல்லாக் கேடும் அந்த நல்ல நினைப்பில்தான் தொடங்கியது.

உங்கள் வீட்டுக்குப் பின்னால் மலையில் அந்த ஓடை இருந்தது. வேறெங்கும் காணாத ஒரு மகுராவை அதில் கண்டுபிடித்தவள் நீதான். தலை குட்டை, வயிறு வெளிறல், உடம்பெல்லாம் தூவிவிட்டாற்போல் வெள்ளைப் புள்ளி. கீழே ஒரு செங்குத்தான நீர்வீழ்ச்சி இருந்ததால் ஆற்று மீன் மேலே ஏற வழியில்லை. எப்போதோ பிரிந்து, தனியாகவே வாழ்ந்து, வேறாகிப் போன இனமாக இருக்கலாம் என்றாய். சும்மா நிறம் மாறிய ஆற்று மகுராவாகவும் இருக்கலாம். "மொகத்தப் பாத்து சொந்தம் சொல்லப்படாது புள்ள, உள்ளுக்குப் பாக்கணும்" என்றாய். உள்ளே என்றால் மரபணு. உன் ஆய்வின் கடைசி அத்தியாயம் முழுக்க அந்த ஒரு கேள்விதான்.

நாடே பெற்றோல் வரிசையில் நின்ற வருடம் அது. ஆய்வுகூடம் பாதி நாள் பூட்டிக் கிடந்தது. அதனால் மீனைப் பிடித்து உங்கள் வீட்டிலேயே பதப்படுத்தி வைப்பது என்று முடிவு செய்தோம். நீ சப்பாத்தோடு ஓடைக்குள் இறங்கி, வேர் இடுக்குகளில் கைவிட்டு, பின்னேரம்வரை ஏழு மீன் பிடித்தாய். நான் பையில் இரண்டு கலன் கொண்டுவந்திருந்தேன், ஒன்றில் ஸ்பிரிட், மற்றதில் போமலின். வழக்கம் உனக்கும் தெரியும். முதலில் ஒவ்வொரு மீனிலும் செட்டையில், அது நீந்துகிற துடுப்பில், ஒரு துண்டு வெட்டி ஸ்பிரிட்டில் போடவேண்டும். மரபணு அதில்தான் பழுதாகாமல் இருக்கும். பிறகுதான் முழு மீனும் போமலினுக்குப் போகும். போமலினில் மீன் உருக்குலையாது, ஆனால் மரபணு சிதைந்துவிடும். இந்த வரிசையை நான் தூக்கத்திலும் மாற்றமாட்டேன்.

மஃரிப் தொழுகை நேரம் கிட்டியது. நீ உடுப்பு மாற்றி, கை கால் கழுவி ஒளு எடுக்க உள்ளே போனாய். நான் பின் விறாந்தையில் தட்டுகளைப் பரப்பினேன். இரண்டு முழம் தள்ளி உன் வாப்பா கதிரையில் இருந்தார். தொப்பி போட்டு, கையில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். நான் ஸ்பிரிட் கலனின் மூடியைத் திறந்தேன். குப்பென்று சாராயக் கடை வாசல் மணம் எழும்பியது. பள்ளிவாசலில் பாங்கு சொல்லத் தொடங்கியது. வாப்பா கையில் மணி நின்றது, தலை நிமிர்ந்து என் பக்கம் பார்த்தார். எனக்கு உயிரே போய்விட்டது. தொழப் போகும் மனிதருக்குப் பக்கத்தில், இந்த வீட்டு விறாந்தையில், இதைத் திறந்துவிட்டேனே. மூடியை இறுக்கினேன். ஏழு மீனையும் முழுசாக, செட்டை வெட்டாமலே, போமலினில் போட்டு மூடினேன். ஓடை எங்கே போகப்போகிறது, அடுத்த மாதம் வந்து இரண்டு மீன் பிடித்தால் ஆயிற்று என்று எண்ணிக்கொண்டேன்.

நீ தொழுதுவிட்டு வந்து எல்லாம் முடிந்ததா என்று கேட்டாய். முடிந்தது என்றேன். உன்னிடம் நான் சொன்ன முதல் பொய் அது. வாப்பா காதில் விழும்படி காரணத்தைச் சொல்லக் கூசியது. வெளியே வந்து சொல்லலாம் என்றால் பஸ் நேரமாகிவிட்டது. மறுநாள் சொல்லலாம் என்று விட்டேன். மறுநாள் சொல்ல வெட்கமாக இருந்தது, அதற்கடுத்த நாள் இன்னும் வெட்கம். இவ்வளவுதான் விஷயம், வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

அடுத்த மாதம் பெற்றோல் இல்லை. அதற்கடுத்த மாதம் உனக்குப் பரீட்சைத் தாள் திருத்தும் வேலை. பிறகு மழை பிடித்தது, விடவேயில்லை. மலை இறங்கி ஓடையை மூடிவிட்டது. நல்லகாலம், வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மழை வெளித்ததும் நாம் இருவரும் போய்ப் பார்த்தோம். ஓடை இருந்த இடத்தில் செம்மண்ணும் முறிந்த மரங்களும் மட்டும். நீர்வீழ்ச்சியையும் காணவில்லை. நீ நெடுநேரம் நின்றுவிட்டு, "இனி போத்தல்ல இரிக்கிறதுதான் மிச்சம்" என்று சொல்லி என் முகத்தைப் பார்த்தாய். ஏன் அவ்வளவு நேரம் பார்த்தாய் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. நான் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆய்வுகூடம் திறந்ததும் போமலின் மீனிலிருந்தே சதையை எடுத்து மரபணு பிரிக்க முயன்றேன். உனக்குத் தெரியாமல் மூன்று தடவை. இப்போது புதுப் புது முறைகள் வந்திருக்கின்றன, போமலினில் கிடந்ததிலிருந்தும் எடுக்கலாம் என்கிறார்கள். எனக்கு வந்ததெல்லாம் ஒன்றுக்கும் உதவாத துணுக்குகள். கடைசியில் உன்னிடம் வந்து, மரபணு வரவில்லை என்றேன். ஏன் வரவில்லை என்று நீ கேட்கவேயில்லை. "நான்தான் மீன வாளியில வெயில்ல கனநேரம் வெச்சிட்டேன் போல" என்றாய். நான் "இருக்கலாம்" என்றேன். அதோடு விடவில்லை, பதிவுப் புத்தகத்தில் அந்த ஏழு மீனுக்கு நேரே 'சேகரித்தபோது வெயிலில் பழுதானது' என்று என் கையால் எழுதினேன். சேகரித்தவர் என்ற இடத்தில் உன் பெயர் இருந்தது.

அந்த வரியை வைத்துத்தான் உன் ஆய்வு மேற்பார்வையாளர், களப் பயிற்சி இல்லாதவர்களை மீன் பிடிக்க விட்டால் இப்படித்தான் என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னார். கடைசி அத்தியாயத்தை நீக்கச் சொன்னார். நீ தலையைக் குனிந்துகொண்டு "சரி சேர்" என்றாய். இருபது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள், வகுப்பில் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைபோல நின்றாய். நான் பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தத் தட்டைக் கீழே போட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. அதற்காக என்னை நானே எத்தனை தடவை ஏசியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது.

பிறகு நோய் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ பாதியாகிப் போனாய். வாராவாரம் வந்தேன், தோடம்பழம் உரித்துத் தந்தேன், உன் மாணவிகள் கதையெல்லாம் கேட்டேன். ஒருநாள் கிளினிக் அட்டையின் பின்பக்கத்தில் பேனாவால் ஒரு மரம் கீறினாய். ஒரு கிளையில் ஹுங்கா, பக்கத்துக் கிளையில் ஆற்று மகுரா. அதை ஒட்டி ஒரு சின்னக் கிளை, நுனியில் கேள்விக்குறி. "அவன் யாருட சொந்தமென்டு தெரியாமத்தான் போகப்போறேன் போல" என்றாய், சும்மா சொல்வதுபோல. அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாட்டில் யாரும் பக்கத்தில் இல்லை, கதவும் சாத்தியிருந்தது. நான் தோடம்பழத்தில் விதை பொறுக்கிக்கொண்டிருந்தேன். அடுத்த கிழமை வந்தபோது உனக்கு நினைவு இல்லை. அடக்கம் செய்ய உன் ஜனாஸாவை எடுத்துப் போனபோது பெண்களோடு வாசல் கேட்டடியில் நின்றேன். உன்னோடு என் பொய்யும் புதைந்து போகட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படியும் ஒருத்தி நினைப்பாளா என்று இப்போது யோசிக்கிறேன், ஆனால் நினைத்தேன்.

சனிக்கிழமை வாப்பா கதவைத் திறந்தார். நன்றாகத் தளர்ந்துவிட்டார். உம்மாவும் போய்விட்டார், நீயும் போய்விட்டாய், அந்த வீட்டில் அவர் இருமுகிற சத்தம் மட்டும்தான். பின் விறாந்தையில் புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தார். நடுவில் உன் களக் குறிப்புக் கொப்பி இருந்தது. தன் கண்ணுக்கு எழுத்துத் தெரிவதில்லை, மகள் என்ன எழுதியிருக்கிறாள் என்று கொஞ்சம் வாசித்துக் காட்டும்படி கேட்டார். அவருக்கு எங்கே வாசித்தாலும் சரிதான். எனக்குத்தான் கை தானாக அந்த நாளைத் தேடிப் போனது.

ஏழு மீன், நீளம், நிறம், புள்ளிகள். ஒரு மீனின் படம் கீறியிருந்தாய். அதன் கீழே உன் சாய்ந்த எழுத்து: 'போத்தலைத் திறந்து பார்த்தேன். செட்டை ஒன்றும் வெட்டவில்லை. வாப்பா பக்கத்தில் இருந்ததால் ஸ்பிரிட்டைத் திறக்கக் கூச்சப்பட்டிருப்பாள். கேட்டால் மனம் நோகும். அடுத்த மாதம் பார்ப்போம்.'

அன்றைக்கே உனக்குத் தெரிந்திருக்கிறது. மண்சரிவில் நின்று என் முகத்தைப் பார்த்தபோது தெரியும். வெயில் என்று சொன்னபோது தெரியும். நான் தப்பிக்கொள்ள நீயே ஒரு வழி திறந்து தந்தாய், நான் அதற்குள் நுழைந்து உன்னையே வெளியே தள்ளிவிட்டேன். எழுத்து எல்லாம் கலங்கிவிட்டது. வாப்பா, "என்ன மகள் போட்டீக்கி?" என்று கேட்டார்.

மறைக்கத்தான் நினைத்தேன். இதைச் சொன்னால், தான் அங்கே இருந்ததால்தான் மகளின் படிப்பு கெட்டது என்று அந்த மனிதருக்குத் தோன்றாதா? இந்த வயதில் அதையும் அவர் தூக்கவேண்டுமா? ஆனால் மனம் நோகும் என்று பேசாமல் இருந்தே இவ்வளவும் வந்தது. உன் வரியை அப்படியே வாசித்தேன். பிறகு நான் செய்ததையும், பதிவுப் புத்தகத்தில் எழுதியதையும், மேற்பார்வையாளர் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னேன். தொழப்போகிற நேரத்தில் அந்த மணம் உங்களுக்குப் பட்டுவிட்டதே என்று பயந்துவிட்டேன் வாப்பா, என்றேன்.

அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"என்ன மணம்? எனக்கு மூக்கு மணம் புடிக்கிறல்ல மகள். எத்தினயோ வருஷம். மொளகா மில்லுல நின்டு செத்துப் போன மூக்கு. பாங்கு சொன்ன சத்தத்துக்கு தலய நிமித்தி இருப்பேன். அவ உங்களுக்கு சொல்லல்லியா?"

"நான் கேக்கல வாப்பா."

"மணம் புடிச்சாலும்தான் என்ன? நீங்க குடிக்கவா கொண்டந்தீங்க." கொப்பியை என் கையிலிருந்து வாங்கி மூடினார். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். அவளும் கேட்டிருக்கலாம்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். எழும்பி எனக்குத் தேநீர் ஊற்றப் போனார். உள்ளே அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

திங்கட்கிழமை பதிவுப் புத்தகத்தை எடுத்து அந்த வரியைக் குறுக்கே வெட்டினேன். 'செட்டை எடுக்கப்படவில்லை. சேகரித்தவர் பேரில் தவறில்லை. பதப்படுத்தியவர் தவறு' என்று எழுதி என் முழுப் பெயரைப் போட்டுக் கையெழுத்து வைத்தேன். உன்னை ஏசிய மேற்பார்வையாளர் ஓய்வுபெற்று வெளிநாட்டில் பிள்ளையோடு இருக்கிறார். அவருக்கும் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். வாசிப்பாரோ தெரியாது. புதிதாக வந்திருக்கும் உத்தியோகத்தர் வெட்டிய வரியைப் பார்த்துவிட்டு, இத்தனை வருடத்துக்குப் பிறகு எதற்கு மிஸ் என்றார். புத்தகத்தை மூடி அலுமாரியில் வைத்தேன்.

உன் கொப்பி இப்போது என்னிடம் இருக்கிறது. உன் கோபத்தையும் அதோடு சேர்த்துத் தேடினேன், எங்கும் எழுதி வைக்கவில்லை. இருந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். நீ ஒருமுறை கேட்டிருந்தால் நான் அழுதுகொண்டாவது சொல்லியிருப்பேன். நான் சொல்லியிருந்தால் நீ ஏசிவிட்டு, அந்த மாதமே நடந்தாவது ஓடைக்குக் கூட்டிப் போயிருப்பாய். இரண்டும் எனக்கு நிச்சயம், அதுதான் தாங்கவில்லை. நீ என் மனம் நோகாமல் பார்த்தாய், நான் உன் வாப்பா மனம் நோகாமல் பார்த்தேன். அந்த மீன் யாருடைய சொந்தம் என்று இனி ஒருவருக்கும் தெரியாது.